விழுந்ததை ஏன் மறைத்தார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன், எமது உறவினரான ஆச்சி ஒருவரைப் பார்க்க வயோதிபர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தோம். எம்மை வாசலிற் கண்டதுமே ஊர்ப் புதினம் முழுவதையும் விசாரித்துத் தீர்ப்பவர், அன்று சாய்மனைக் கதிரையிற் கண்மூடிக் கிடந்தார். எம்மை யாரென்று கேட்டார். “82 வயதாகிறதல்லவா, மறதி வந்துவிட்டது” என்றார் இல்லப் பொறுப்பாளர். நாமும் நம்பிக்கொண்டு வீடு திரும்பினோம்.

பத்து நாட்களின் பின் ஆச்சியின் வலக்கை தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கான் படத்தைப் பார்த்த வைத்தியர் எம்மிடம் முதலிற் கேட்டது, “இவர் எப்பொழுது விழுந்தார்?” என்பதே. விழவேயில்லை என்றோம். பொறுப்பாளரும் அவ்வாறே சொன்னார். உடன் வந்திருந்த பணிப்பெண் மட்டும் சுவரோரமாக நின்று அழுதாள்.

ஒரு மாதத்துக்கு முன், விடியற்காலையில், குளியலறை வாசலில் ஆச்சி வழுக்கி விழுந்தாராம். தலை சுவரில் இடிபட்டதாம். அவள் ஓடிச்சென்று தூக்கி இருத்திச் சோடா கொடுத்தாளாம். “ஒருவருக்கும் சொல்லாதே பிள்ளை, உன் வேலை போய்விடும்” என்று தடுத்தவர் வேறு யாருமல்லர், ஆச்சியேதான்.

ஒரு மாதத்துக்கு முன் பட்ட அடி இன்று கையைத் தளர்த்துவது எங்ஙனம் என வாசகர் ஐயுறலாம். நாமும் ஐயுற்றோம். வயது ஏற ஏற மூளை சிறிது சுருங்குகிறது. அதனால் மூளையின் மேற்பரப்பிலிருந்து அதன் உறைக்குச் செல்லும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சிறு இடியிலேயே அவற்றுள் ஒன்று அறுந்துவிடக்கூடும். குருதி பெருகாமல் மெல்ல மெல்லக் கசிந்து, வாரக் கணக்கிற் சேர்ந்து மூளையை அமுக்கும். அப்போது தோன்றுவன மறதி, மந்தம், தள்ளாட்டம், தலைவலி ஆகியன. இவை முதுமையின் குணங்களாகவே நமக்குப் படுகின்றன! வார்ஃபரின் போன்ற குருதி உறையாமைக்கான மருந்துகளை உட்கொள்வோர்க்கு இவ்வபாயம் மிக அதிகம். இத்தனைக்கும், மண்டையோட்டில் ஒரு சிறு துளையிட்டுக் குருதியை வடித்துவிட்டாற் பலர் நன்கு தேறிவிடுகின்றனர். விழுந்த செய்தி வைத்தியர் காதுக்கு நேரத்தோடு எட்டவேண்டும், அவ்வளவே.

அந்தப் பெண் சோடா கொடுத்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளிலும் அதைத்தானே செய்கிறோம்? விழுந்தவரை நாலு பேர் கூடித் தூக்குவதும், வாயில் நீர் ஊற்றுவதும் அன்பின் அவசரத்தால் நேர்வன. ஆயினும், இடுப்பருகே எலும்பு முறிந்திருந்தால் தூக்குவது முறிவை இன்னும் கெடுக்கும். ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பியிருத்தல் அம்முறிவின் அறிகுறி. மயக்க நிலையிற் கொடுக்கும் நீர் சுவாசப்பைக்குட் சென்றுவிடலாம். ஆகவே முதலிற் பேச்சுக் கொடுத்து, எங்கே நோகிறதென்று கேட்டு, இரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, எழுப்பாமலே உதவியை அழைத்தல் வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான அச்சேவை 2018 இல் வடக்கையும் எட்டியது. குருதி உறையாமைக்கு மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டாரெனின், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதே தகும்.

இவை யாவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்பித்தும் வராதது, நடந்ததைச் சொல்லும் துணிவு. ஏசுவார்கள், சம்பளத்தைப் பிடிப்பார்கள், வேலையினின்று நீக்குவார்கள் என்ற அச்சம் உள்ள இடத்தில் எந்தப் பணியாள் வாய் திறப்பாள்?

இங்கிலாந்திலே ஸ்டாஃபோர்ட் நகர ஆஸ்பத்திரியில் நோயாளர் கவனிப்பாரற்று வருந்தியது குறித்து விசாரணை நடந்து, சட்டத்தரணி றொபேட் பிரான்சிஸ் என்பாரின் அறிக்கை 2013 இல் வெளியாயிற்று. அதன் பயனாக, பெருந் தீங்கு நேர்ந்தால் அதனை நோயாளிக்கோ உறவினருக்கோ மறையாது கூறி வருத்தம் தெரிவித்தல் வேண்டுமென்னும் கடமை 2014 இல் அரச ஆஸ்பத்திரிகளுக்கும், 2015 இல் முதியோர் இல்லங்களுக்கும் சட்டமாக்கப்பட்டது. வருத்தம் தெரிவித்தலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்பதை 2006 ஆம் ஆண்டுச் சட்டமொன்று முன்னரே தெளிவாக்கியிருந்தது. லண்டனில் இத்தகைய இல்லங்களிற் பணிபுரியும் நம்மவர் சிலரை விசாரித்தோம். ஒருவர் விழுந்தால், எத்தனை மணிக்கு, எவ்விடத்தில், தரை ஈரமா, விளக்கு எரிந்ததா, யாருக்கு அறிவிக்கப்பட்டது என அன்றே எழுதிவைக்க வேண்டுமாம். விழப்போய்த் தப்பியதையும் எழுதுவார்களாம். எமக்கு இது மிகப் பிடித்தது. ஒரே வாசலில் மூவர் வழுக்கினால் குற்றம் பணிப்பெண்ணுடையதன்று, அந்த வாசலுடையது என்பதைக் கொப்பியே காட்டிவிடுமல்லவா?

ஆச்சிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. நான்காம் நாள் எம்மைப் பெயர் சொல்லி அழைத்தார். ஊர்ப் புதினம் கேட்பார் என்று காத்திருந்தோம். “அந்தப் பிள்ளை வேலையில் இருக்கிறாளோ?” என்றுதான் கேட்டார்.

அவளை இரண்டு நாட்களுக்கு முன்னரே நீக்கிவிட்டிருந்தார்கள். அதைச் சொல்ல எமக்கு நா எழவில்லை.