மூன்று மில்லிமீட்டர் தகராறு

சென்னை ரிச்சி தெருவில் புது ப்ராசஸர் கேட்டு நின்றால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "கூலர் எது சார் போடட்டும்?" பழசே இருக்கிறது என்பவரைக் கடைக்காரர் சற்றுப் பரிதாபமாகத்தான் பார்ப்பார். ஆனால் நல்ல ஏர் கூலர்தான் கேபினட்டுக்குள் நெடுநாள் உழைக்கும் உருப்படிகளில் ஒன்று. அலுமினியத் தகடுகளும், கொஞ்சம் திரவம் வைத்து அடைத்த செம்புக் குழாய்களும் அவ்வளவு லேசில் கெடாது. ஓடித் தேய்வது ஃபேன் ஒன்றுதான்; அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லிக்விட் கூலருக்கு இந்தத் தைரியம் சொல்ல முடியாது. பம்பு ஓய்ந்துபோகும், திரவமும் வருஷத்துக்கு வருஷம் வற்றும்.

அப்படியானால் தகராறு எங்கே? துளைகளில்.

இன்டெல் ப்ராசஸர்களுக்கு 2009-ல் வந்த எல்ஜிஏ 1156 சாக்கெட் முதல் 2020-ன் எல்ஜிஏ 1200 வரை, மதர்போர்டில் கூலர் மாட்டும் துளைகளுக்கு இடைவெளி 75 மில்லிமீட்டர். பன்னிரண்டு வருஷம் ஒரே கூலரை போர்டு விட்டு போர்டு மாற்றி ஓட்டியவர்கள் உண்டு. 2021-ல் எல்ஜிஏ 1700 வந்தது. இடைவெளி 78 ஆனது. ப்ராசஸரின் உயரமும் கொஞ்சம் குறைந்தது. அதனால் எப்படியோ இழுத்துப் பிடித்து மாட்டினாலும் அழுத்தம் சரியாக விழாது. மூன்று மில்லிமீட்டரால், ஒரு கிலோ கனமுள்ள செம்பும் அலுமினியமும் ஒரே நாளில் காயலான் கடைச் சரக்கு! சில போர்டுகளில் இரண்டு வகைத் துளைகளையும் போட்டுக் கொடுத்தார்கள். அதாவது, இடம் இல்லாமல் இல்லை.

எதிர் முகாமான ஏஎம்டியைப் பாருங்கள். ஏஎம்4 சாக்கெட்டிலிருந்து ஏஎம்5-க்கு 2022-ல் தாவியபோது ப்ராசஸரின் அடிப்பகுதியே மாறியது. பின்கள் போய்த் தட்டையான தொடுபுள்ளிகள் வந்தன. ஆனாலும் கூலர் துளைகள் நகரவில்லை. மனமிருந்தால் முடிகிறது. அங்கேயும் ஒரு கொக்கி உண்டு. ஏஎம்5-ல் பின்பக்கத் தகடு சாக்கெட்டோடு பிணைந்தே வரும், கழற்ற முடியாது. சொந்தத் தகடு கேட்கும் கூலர்கள் அங்கே உட்காராது.

பழைய ஏஎம்4 போர்டில் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு, ப்ராசஸரும் பின்களோடு பிய்ந்து வந்துவிடும். சிறிது நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அணைத்து, சூடு இருக்கும்போதே மெல்ல இடம் வலமாகத் திருகி எடுக்க வேண்டும். புதிதாக மாட்டும்போது பழைய பேஸ்ட்டை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள்.

புது ப்ராசஸரின் சூட்டைப் பழைய கூலர் தாங்குமா என்பது நியாயமான கேள்விதான். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். கோர் ஐ5-12400, ஐ7-12700, ஐ9-12900 மூன்றிலும் அடிப்படை 65 வாட் என்றே இருக்கும். முழு வேகத்தில் முறையே 117, 180, 202 வாட் வரை இழுக்கும். முதலாவதற்குச் சுமாரான டவர் கூலரே போதும். அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த ஏர் கூலராலும் வைக்க முடியாது என்பதால், கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறைக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

புதிது வாங்கினால் தலைவலி இல்லை என்பார்கள், இருக்கட்டும். எனக்கு உறுத்துவது அந்தத் துளைகள்தான். கூலர் நன்றாக இருக்க, இரும்புப் பட்டை ஒன்று பொருந்தாததால் தூக்கிப் போடுகிறோம். சில தயாரிப்பாளர்கள் பில்லைப் படமெடுத்து அனுப்பினால் புது சாக்கெட்டுக்கான பிராக்கெட்டை இலவசமாகவே அனுப்புகிறார்கள். சிலர் தனியாக விற்கிறார்கள். கடைக்குக் கிளம்பும் முன் கூலரின் மாடல் பெயரோடு புது சாக்கெட்டின் எண்ணையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். பில் இல்லாவிட்டால் இலவசம் கிடைப்பது சிரமம். நம் ஊரில் பாதிப் பேர் பில்லே வாங்குவதில்லை என்பது வேறு கதை.