ரூபாயா... யூரோவா? கேட்கிறது மெஷின்!

ஜெர்மனியில் என் முதல் அவமானம் ஒரு பேக்கரியில் நடந்தது.

2023 நவம்பர். கம்பெனி என்னை ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பி ரெண்டாவது நாள். ரெண்டு பன், ஒரு காபி வாங்கிக்கொண்டு ஸ்டைலாகக் கார்டை நீட்டினேன். கவுன்ட்டர் அம்மா தலையை ஆட்டிவிட்டு, கல்லாப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். 'காசு மட்டும்தான்' என்று அர்த்தமாம்! பென்ஸ் கார் செய்கிற ஊருங்க இது! இளநீர்க் கடையில்கூட செல்போனைக் காட்டிப் பழகிய மெட்ராஸ்காரன், பன்னை அங்கேயே வைத்துவிட்டு ஏ.டி.எம். தேடி ஓடினேன்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மெஷின். சென்னைக் கார்டைச் செருகினால், 'இந்திய ரூபாயிலேயே கணக்கு வெச்சுக்கலாமா?' என்று கேட்டது. அடடா, நம்ம ரூபாய்க்கு இங்கே இவ்வளவு மரியாதையா! புல்லரித்துப்போய் 'சரி' பட்டனை அமுக்கினேன். அடுத்து ஏதோ பொடி எழுத்தில் வந்தது. அதற்கும் 'சரி'!

பாஷை தெரியாத ஊர், மொத்தமாக வைத்திருந்து பறிகொடுத்தால்? அதனால் ஐயா புத்திசாலித்தனமாக ஐம்பது ஐம்பது யூரோவாக எடுத்தேன். ஒன்பது தடவை.

மாசக் கடைசியில் ஸ்டேட்மென்ட் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஒரு யூரோ அப்போது சுமார் 90 ரூபாய். ஐம்பதுக்கு 4,500 தானே போகணும்? ஒவ்வொரு தடவையும் 5,700-க்கு மேல் போயிருந்தது! ஆக, காற்றில் கரைந்தது பதினோராயிரம்.

அது தம்பியின் செமஸ்டர் ஃபீஸுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்த பணம். குறைத்துத்தான் அனுப்ப முடிந்தது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போன விஷயம் தம்பி வாய் தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஆபீஸில் ஒரு மதுரை அண்ணன். வந்து நாலு வருஷம் ஆனவர். ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, படிச்சவன்தானே நீ?" என்றார்.

"ஆமாண்ணே..."

"அப்ப ஸ்கிரீன்ல வர்றதைப் படிக்க வேண்டியதுதானே? ரூபாய்னு அமுக்கினா மெஷின்காரன் வெச்சதுதான் ரேட்டு. எப்பவும் அந்த ஊர்க் காசையே அமுக்கு. அஞ்சு யூரோ அவன் கட்டணம். பணம் வர்றதுக்கு முந்தி அதைக் காட்டியே ஆகணும், 2011-ல இருந்து இங்க அப்படித்தான். பிடிக்கலைன்னா கேன்சல் பண்ணிட்டு நடையைக் கட்டு!"

யூரோ என்று அமுக்கினாலும் முழுசாகத் தப்ப முடியாதாம். நம்ம ஊர் பேங்க் பல கார்டுகளுக்கு மூணரை சதவீதம் வரை 'மார்க்கப்' போடும். எடுக்கிற ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம். ரெண்டுக்கும் ஜி.எஸ்.டி. வேறு! ஐம்பது ஐம்பதாக எடுத்த என் புத்திசாலித்தனம் இங்கேதான் பல் இளித்தது. மார்க்கப் இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. அதையெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்னால் விசாரித்திருக்க வேண்டும். நான் அப்போது ஊறுகாய் பாட்டிலை டேப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நிஜமான வைத்தியம், உள்ளூர்க் கணக்கு. முதலில் நகராட்சி ஆபீஸில் விலாசத்தைப் பதிய வேண்டும். அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே எனக்கு மூணு வாரம்! அப்புறம் பேங்க். இங்கேயும் ஒரு சூட்சுமம்: டாய்ச்ச பேங்க், காமர்ஸ்பேங்க், போஸ்ட்பேங்க், ஹைப்போ ஃபெரைன்ஸ்பேங்க் நாலும் ஒரே கோஷ்டி. ஒன்றில் கணக்கு இருந்தால் மற்ற மூன்றின் மெஷினிலும் இலவசமாக எடுக்கலாம். ஷ்பார்காஸெ என்பது வேறு கோஷ்டி. மாறிப்போய்ச் செருகினால் தண்டம்தான்.

அண்ணன் கடைசியாகக் கூட்டிப்போனது பேங்குக்கு அல்ல, சூப்பர் மார்க்கெட்டுக்கு! தயிரும் தக்காளியும் வாங்கி, உள்ளூர்க் கார்டைக் கொடுத்து, "நூறு யூரோ ரொக்கமாகக் கொடுங்க" என்றார். கல்லாவிலிருந்து எடுத்து நீட்டினார்கள். கட்டணம் பைசா கிடையாது. ரேவெ, ஆல்டி, லிடில் மாதிரிக் கடைகளில் 200 யூரோ வரை இப்படி வாங்கலாம். குறைந்தபட்சம் இவ்வளவுக்கு சாமான் வாங்கணும் என்பது மட்டும் கடைக்குக் கடை மாறும்.

ஒரு சனிக்கிழமை சூரிக் போனேன். அங்கே மெஷின், 'யூரோவா, ஃபிராங்கா?' என்று குழைந்தது. ஃபிராங்க் பட்டனை அமுக்கின அமுக்கில் விரலே வலித்தது!

மார்ச்சில் வளையல் வீடு திரும்பியது. போனில் அம்மாவிடம் சூப்பர் மார்க்கெட் சமாசாரத்தைப் பெருமையாகச் சொன்னேன்.

"மளிகைக் கடையிலயே பணம் கொடுக்கறாங்களாடா? இங்க அண்ணாச்சி போன மாசப் பாக்கியைக் கேட்டு வாசல்ல நிக்கறாரு... நீ போனை வை!"