அரங்கேறிய கண்டுபிடிப்பு

முற்காலத்தில் புலவர் ஒருவர் நூல் இயற்றினால், அதனை அறிஞர்கள் கூடிய அவையில் அரங்கேற்றுவார். அவையோர் ஏற்றுக்கொண்ட நூல் நாடெங்கும் பரவும். இக்கால அறிவியலுக்கும் அத்தகைய அவைகள் உள்ளன. அவையே ஆய்வு மாநாடுகள். கருவி நிறுவனங்கள் தாங்கள் உருவாக்கிய புதிய ஆய்வுமுறைகளை அங்கே அறிஞர்களின் பார்வைக்கு வைக்கின்றன. அவ்வாறு அரங்கேறிய கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றி அறிவோம்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் ஷிமாட்சு என்னும் அறிவியல் கருவி நிறுவனம் உள்ளது. 1983ஆம் ஆண்டில் கோயிச்சி தனாக்கா என்ற இளைஞர் அங்குப் பணியில் சேர்ந்தார். அவர் படித்தது மின்பொறியியல். கிடைத்த பணியோ வேதியியல் தொடர்பானது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியை உருவாக்கும் குழுவில் அவர் இடம்பெற்றார்.

மூலக்கூற்றைத் தராசில் வைத்து நிறுக்க இயலாது. ஆகவே, அதற்கு மின்னூட்டம் கொடுத்து, காற்று நீக்கப்பட்ட குழாயினுள் பறக்கவிடுவார்கள். இலேசான மூலக்கூறு மறுமுனையை விரைவில் அடையும். கனமானது தாமதமாக வந்து சேரும். அந்தப் பயண நேரத்தைக் கொண்டு நிறையைக் கணக்கிடலாம். ஆனால், புரதத்தைப் பறக்கச் செய்வதற்காக அதன்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அது சிதைந்துவிடும். இதுவே பெருந்தடையாக இருந்தது.

லேசரின் ஆற்றலை ஈர்த்துக்கொள்ளும் நுண்ணிய கோபால்ட் தூளை ஆய்வுப்பொருளுடன் கலந்து குழுவினர் சோதித்தனர். 1985ஆம் ஆண்டில் ஒரு நாள், தனாக்கா அந்தத் தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். விலை உயர்ந்த தூளை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கலவையையே கருவியில் வைத்துச் சோதித்தார். என்ன வியப்பு! மூலக்கூறு சிதையாமல் பறந்தது. அதன்பின் குழுவினர் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினர். கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்னும் புரதத்தையும் அளந்தனர். அதன் நிறை ஹைட்ரஜன் அணுவின் நிறையைப் போல ஏறத்தாழ 14,000 மடங்காகும்.

1987ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், தக்காராசுக்கா நகரில் ஜப்பானிய, சீன ஆய்வாளர்களின் கூட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. அங்குத் தனாக்கா தம் ஆய்வு முடிவுகளைப் படைத்தார். அதில் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காட்டர் அவற்றின் சிறப்பை உணர்ந்து, வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் எடுத்துரைத்தார். மறு ஆண்டே ஆய்வுக்கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்தது.

ஆயினும், அந்த முதல் கருவி ஒன்றே ஒன்றுதான் விற்பனையானது. விற்பனையில் தோற்றாலும், கண்டுபிடிப்பு தோற்கவில்லை. 2002ஆம் ஆண்டில் தனாக்கா வேதியியலுக்கான நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

அதே காலகட்டத்தில், ஜெர்மனி ஆய்வாளர்கள் லேசரைக் கொண்டே ‘மால்டி’ என்னும் முறையை உருவாக்கினர். இன்று பெரிதும் பயன்படுவது அம்முறையே. நோயாளியிடமிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட பாக்டீரியா எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள் இதன்மூலம் சில நிமிடங்களில் கண்டறிகின்றன. முன்பு இதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ தேவைப்பட்டது. கடும் தொற்றால் போராடும் நோயாளிக்கு அந்த ஒரு நாள் உயிர்காக்கும் நாளாகும்.

தவறிக் கலந்ததைத் தனாக்கா வீசியெறியவில்லை. கண்டதைத் தமக்குள்ளே பூட்டி வைக்கவுமில்லை. அறிவு பிறர்முன் வைக்கப்படும்போதுதான் உலகுக்குப் பயன்படுகிறது.