மாற்று உரை (இணையப் படங்கள்)

மாற்று உரை என்பது இணையப் பக்கத்தில் ஒரு படம் தோன்றாதபோது அதன் இடத்தில் காட்டப்படும் சொற்றொடர் ஆகும். திரைவாசிப்பு மென்பொருள்களும் இதையே படித்துக் காட்டுகின்றன. எச்.டி.எம்.எல் குறியீட்டில் இது 'ஆல்ட்' என்னும் பண்பில் எழுதப்படுகிறது.

யாருக்குத் தேவை

இணைய வேகம் குறைந்த இடங்களில் இருப்போரும் டேட்டாவைச் சேமிக்க விரும்புவோரும் உலாவியில் படங்களை நிறுத்தி வைப்பதுண்டு. லின்க்ஸ் போன்ற எழுத்துவழி உலாவிகள் பக்கத்தில் படங்களைக் காட்டுவதில்லை. பார்வையற்றோர் என்.வி.டி.ஏ போன்ற இலவச மென்பொருள் வழியே பக்கத்தைக் காதால் கேட்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் மாற்று உரையே படத்தின் பொருளைத் தருகிறது.

வரலாறு

1993இல் வந்த மொசைக் உலாவி, எழுத்துக்கு நடுவே படத்தைக் காட்டும் முறையைப் பரவலாக்கியது. 1995இல் வெளியான எச்.டி.எம்.எல் 2.0இல் 'ஆல்ட்' பண்பு இடம்பெற்றது. 1997இல் எச்.டி.எம்.எல் 4.0 அதைக் கட்டாயமாக்கியது. 1999 மே மாதம் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியின் முதல் நெறியும் இதைப் பற்றியதே.

தமிழ்த் தளங்களில்

ஒருங்குறி பரவும் முன் தமிழ்த் தளங்கள் வெவ்வேறு எழுத்துருக்களைப் பயன்படுத்தின. எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்துகள் சிதைந்து தெரிந்ததால், சில தளங்கள் தமிழ் வரிகளைப் படமாக்கி இட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. படமாக்கும் தேவை நீங்கினாலும் பழக்கம் நீங்கவில்லை. சுற்றறிக்கைகளும் அட்டவணைகளும் இன்றும் வருடப்பட்ட படங்களாக வெளியாகின்றன.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி, சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இத்தகைய அறிவிப்பு வெறும் படமாக மட்டும் வந்தால், படங்களை நிறுத்தியவருக்கு வெற்றுக் கட்டமே தெரியும். பார்வையற்றவருக்குக் கோப்பின் பெயர் மட்டும் கேட்கலாம். பாலம் மூடப்பட்ட செய்தி இருவரையும் சேராது.

எழுதும் முறை

• செய்திப் படம்: பொருளைச் சுருக்கமாகக் கூறவேண்டும். "பாலம்" என்பது போதாது. "வெள்ளநீரில் மூழ்கிய சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம்" என்பது பயன் தரும்.
• இணைப்பாக உள்ள படம்: அது எங்கே கொண்டு செல்லும் என்பதை எழுதவேண்டும்.
• எழுத்து உள்ள படம்: அவ்வெழுத்தைப் பக்கத்திலேயே தட்டச்சிடுவது சிறந்தது.
• அலங்காரப் படம்: 'ஆல்ட்' பண்பை வெறுமையாக விடவேண்டும், நீக்கிவிடக் கூடாது.

பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் அறிவிப்பதும் தேவை. அப்போதுதான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாற இயலும்.

சட்டநிலை

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 42, மின்னணு ஊடகங்களில் உள்ள தகவல்கள் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது.

சோதிக்கும் முறை

குரோம் உலாவியின் தள அமைப்புகளில் படங்களை நிறுத்திவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறக்கவேண்டும். செய்தி முழுமையாகப் புரிந்தால் மாற்று உரை சரியாக உள்ளது எனக் கொள்ளலாம்.