சிறுநீரக நோயாளிக்கு எது பத்தியம்?

நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் வெறுங்கையோடு போவதில்லை. என் பாட்டிக்குச் சிறுநீரகம் பழுதடைந்தபோதும் உறவினர்கள் ஆரஞ்சும் வாழைப்பழமும் இளநீருமாக வந்தார்கள். “இளநீர் குளிர்ச்சி, சிறுநீரகத்தைக் கழுவிவிடும்” என்று சொல்லிக் குடிக்க வைத்தார்கள். அடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6ஐத் தாண்டியிருந்தது. இன்னும் ஏறியிருந்தால் இதயமே நின்றிருக்கும் என்று மருத்துவர் சொன்ன பிறகே எங்களுக்கு விளங்கியது.

இந்நோய் நமக்குத் தூரமானதன்று. மலேசியாவில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோருள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியது.

பொட்டாசியம்

இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை இருக்க வேண்டும். மிகுதியானதை நல்ல சிறுநீரகம் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். பழுதடைந்தால் அது இரத்தத்திலேயே தங்கும். ஒரு குவளை இளநீரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு, டுரியான் ஆகியவற்றிலும் அது அதிகம். காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டினால் பொட்டாசியம் குறையும். வடித்த நீரை ரசத்தில் சேர்த்தால் பயனில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். கடைகளில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பலவற்றில் சோடியத்திற்குப் பதில் பொட்டாசியமே இருக்கிறது. பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும். நிற்காத விக்கலில் தொடங்கி, வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகும்.

உப்பும் பாஸ்பரசும்

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும். அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, ஊறுகாய், கிச்சாப், உடனடி மீ ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். சாசேஜ், நகெட், கருநிறக் கோலா பானங்களில் சேர்க்கப்படும் பாஸ்பேட் எளிதில் இரத்தத்தில் கலந்து, நாளடைவில் எலும்பைப் பலவீனமாக்கும். உடலில் அரிப்பையும் உண்டாக்கும்.

புரதம்

பலர் தவறுவது இங்கேதான். இரத்தச் சுத்திகரிப்பு தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 36 முதல் 48 கிராம் வரை. சுத்திகரிப்பு தொடங்கிய பின்னரோ 60 முதல் 72 கிராம் வரை தேவை. ஒவ்வொரு சுத்திகரிப்பின்போதும் உடல் கொஞ்சம் புரதச்சத்தை இழப்பதே காரணம். என் பாட்டியோ பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு வெறும் கஞ்சி குடித்தார். உடல் இளைத்துப் போனது. முட்டையும் மீனும் கோழியும் சாப்பிடலாம் என்று சொன்னபோது அவர் நம்பவே இல்லை. கஞ்சியிலுள்ள நீரும் குடிநீர்க் கணக்கில் சேரும் என்பதும் அவருக்குப் புதுச் செய்தி. சிறுநீர் குறைந்துவிட்டவர்களுக்கு அந்தக் கணக்கு மிக முக்கியம்.

நாம் செய்யக்கூடியது

ஆக, சிறுநீரக நோய்க்கென்று எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பத்தியம் கிடையாது. பொட்டாசியம் சீராக இருப்பவர் பழங்களை வீணாக ஒதுக்க வேண்டியதில்லை. நோயின் நிலையும் இரத்தப் பரிசோதனையுமே உணவை முடிவு செய்கின்றன. அதனை விளக்க உணவியல் நிபுணர் இருக்கிறார்.

ஆனால், பாட்டியிடம் கொடுக்கப்பட்ட உணவுத்தாள் மலாயில் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அதை நான் தமிழில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிய பிறகே வீட்டில் சமையல் மாறியது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் அறிந்த நாம், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த உதவியையாவது செய்யலாம். அடுத்த முறை சிறுநீரக நோயாளியைப் பார்க்கப் போகும்போது, “என்ன சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டுப் பழம் வாங்குங்கள்.