முயலுக்கு மூணு காலா, மூணு கொம்பா? தமிழ்நாடு-கேரள எல்லையில் பழமொழிகள் சொல்லும் கதை

திருவனந்தபுரத்தில் பஸ் ஏறி நாகர்கோவில் வந்திருக்கிறீர்களா? நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி களியக்காவிளை வந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். பஸ்ஸுக்குள் பேச்சு அப்படி மாறாது. யாராவது "தான் பிடிச்ச முயலுக்கு..." என்று ஆரம்பித்தால், நீங்கள் "மூணே கால்" என்று முடிப்பீர்கள். பக்கத்து சீட்டு மலையாளி "மூந்நு கொம்பு" என்று முடிப்பார்.

முயலும் அதேதான், பிடிவாதக்காரரைக் கிண்டல் பண்ணுகிற நோக்கமும் அதேதான். கால் மட்டும் எல்லை தாண்டியதும் கொம்பாகிவிட்டது. இது எப்படி நடக்கிறது? இன்றைக்கு இதைத் தெரிந்துகொள்வதில் என்ன பயன்?

எல்லை எப்போது வந்தது?

1956 நவம்பர் 1 வரை பாறசாலையும் களியக்காவிளையும் ஒரே ஆட்சியில்தான் இருந்தன. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி. அந்த சமஸ்தானத்தின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டு தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைப் பகுதியையும் கேட்டது. அது கிடைக்கவில்லை.

எந்த மொழி பேசுபவர்கள் அதிகம் என்ற கணக்கு இந்தப் பிரிவினையில் முக்கியமாக இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'தாய்மொழி' என்ற கட்டத்தில் ஒரு பெயரைத்தான் எழுத முடியும். வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று என்று இரண்டையும் கலந்து பேசுபவரும் ஏதோ ஒன்றைத்தான் சொல்லியாக வேண்டும். பழமொழிகளைக் கவனித்தால் அந்தக் கட்டத்துக்குள் அடங்காத விஷயம் தெரியும்.

அப்படியே பொருந்துபவை

தமிழும் மலையாளமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதனால் சில பழமொழிகளுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை:

- "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு." மலையாளத்தில் "காக்கய்க்கும் தன்குஞ்ஞு பொன்குஞ்ஞு."
- "சிறு துளி பெரு வெள்ளம்." அங்கே "பலதுள்ளி பெருவெள்ளம்."
- "பாம்பு தின்கிற ஊருக்குப் போனா நடுத்துண்டு நமக்கு." அங்கே பாம்புக்குப் பதிலாக சேரை, அதாவது சாரைப்பாம்பு. "சேரயெத் தின்னுந்ந நாட்டில் சென்னால் நடுக்கண்டம் தின்னணம்."
- "இக்கரைக்கு அக்கரை பச்சை." இது இரண்டு பக்கமும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மொழியிலும் இருப்பதாலேயே ஒன்றைப் பழைய சொத்து என்று முடிவு கட்டிவிடக் கூடாது. "மின்னுவதெல்லாம் பொன்னல்ல" இரண்டிலும் இருக்கிறது. அதே வாசகம் ஆங்கிலத்திலும் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது.

மாறுபவை என்ன சொல்கின்றன?

"காணம் விற்றும் ஓணம் உண்ணணம்." இந்த மலையாளப் பழமொழியை நெல்லை, குமரிக்காரர் கேட்டால் குழம்புவார். அவர் வீட்டில் காணம் என்றால் கொள்ளு. கொள்ளை விற்று ஓணம் கொண்டாடுவதா? இங்கே காணம் என்பது நிலத்தின் மீதான உரிமை, சொத்து. இருக்கிற சொத்தை விற்றாவது ஓணச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பதுதான் பொருள். ஒரு சொல்லுக்குள் கேரளாவின் பழைய நிலவுடைமை முறையே ஒளிந்திருக்கிறது.

யானையையும் பாருங்கள். "இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று தமிழ் விலை பேசுகிறது. "ஆன மெலிஞ்ஞால் தொழுத்தில் கெட்டுமோ" என்று மலையாளம் கேட்கிறது. யானை இளைத்தால் மாட்டுத் தொழுவத்திலா கட்டுவார்கள்? நொடித்துப்போனாலும் பெரியது பெரியதுதான் என்பதை ஒன்று சந்தைக் கணக்காகவும் மற்றொன்று கௌரவமாகவும் சொல்கிறது.

எல்லாமே ஞானமா?

இல்லை. "பெண் புத்தி பின் புத்தி" மலையாளத்திலும் "பெண்புத்தி பின்புத்தி" என்று அப்படியே இருக்கிறது. "பின்னால் வருவதை முன்பே அறியும் புத்தி என்பதுதான் உண்மையான அர்த்தம்" என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். ஆனால் வீடுகளில் அது பெரும்பாலும் பெண்களின் வாயை அடைக்கத்தான் பயன்பட்டது. பாட்டன் சொத்தில் கடனும் சேர்ந்தே வரும். அதை அழகுபடுத்துவதைவிட, அது கடன் என்று ஒப்புக்கொள்வது நேர்மை.

சரி, இப்போது என்ன பிரச்னை?

2011 கணக்கெடுப்பின்படி கேரளாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுத 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. மனுவுக்கும் வகுப்பறைக்கும் இப்படிச் சட்டம் உண்டு. அடுப்படிப் பேச்சுக்கு எந்தச் சட்டமும் இல்லை.

பழமொழி அங்கேதான் வாழ்கிறது. மருமகனிடம் நேராகச் சொல்ல முடியாததை மாமியார் முயல் மேல் ஏற்றிச் சொல்வார். பேச்சுமொழி மாறும்போது சொற்களை அகராதியில் தேடி எடுத்துவிடலாம். இந்த நாசூக்கை எடுக்க முடியாது. பீட்டர் பெர்சிவல் 1874-ல் 6,000-க்கும் அதிகமான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தார். மலையாளத்தில் ஹெர்மன் குண்டர்ட் 1850-லேயே தொகுத்தார். இப்படிப்பட்ட தொகுப்புகளில் வாசகம் இருக்கும், பொருளும் இருக்கலாம். யார், யாரிடம், எந்தச் சண்டைக்கு நடுவில் சொன்னார் என்பது பெரும்பாலும் இருக்காது.

அதை நீங்கள் சேர்க்கலாம். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் குமரிக்காரராக இருந்தாலும், சென்னையில் இருக்கும் நெய்யாற்றின்கரைக்காரராக இருந்தாலும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் பழமொழி சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்டால் நாலு சொல்லிவிட்டு, "வேற என்ன மக்களே, மறந்துபோச்சு" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் யாரையாவது திட்டும் வரை காத்திருங்கள். அப்போது வருவதை, யாரைத் திட்டினார் என்பதோடு சேர்த்து ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். முயலுக்கு மூணு கால் என்கிறாரா, மூணு கொம்பு என்கிறாரா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.