கரடிக்குட்டிகளும் நாய்க்குட்டிகளும்: ரொறன்ரோவின் கார்ட்டூன் மேசை, அன்றும் இன்றும்

1971இல் ரொறன்ரோவில் மைக்கேல் ஹர்ஷ், பற்றிக் லூபேர்ட், கிளைவ் ஸ்மித் என்ற மூவர் சேர்ந்து ஒரு கார்ட்டூன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மூவரில் அனிமேஷன் கலைஞர் ஸ்மித். லண்டனிலிருந்து வந்து குடியேறியவர். நிறுவனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நெல்வானா. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நியச் செலாவணியை மிச்சம்பிடிக்கக் கனடா அரசு அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களின் இறக்குமதியை நிறுத்தியது. பிள்ளைகள் வாசிக்க ஒன்றும் இல்லாமல் போகவே உள்ளூர் ஓவியர்கள் தாங்களே வரையத் தொடங்கினார்கள். அப்படி 1941இல் ஏட்ரியன் டிங்கிளின் கையில் பிறந்த வடதிசை வீராங்கனைதான் நெல்வானா. வொண்டர் வுமனுக்கும் சில மாதம் மூத்தவள்.

வெளியார் சரக்கு நின்றபோது சொந்தப் பாத்திரம் பிறந்தது. இந்த நகரத்துக் கார்ட்டூன்காரர்களின் ஐம்பது வருடப் பாடு முழுவதையும் நான் இந்த ஒரு செய்தியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

அன்றைய வேலை கையும் கண்ணும் முதுகும் சேர்ந்து செய்கிற வேலை. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசை. துளையிட்ட தாள் நழுவாமல் நிற்க முளைப்பட்டை. முன் படம், பின் படம் இரண்டுக்கும் நடுவே அசைவைக் கண்டுபிடித்துப் பென்சிலால் வரைய வேண்டும். வரைந்ததை ஒளி ஊடுருவும் செல் தாளுக்கு மாற்றி, கோடு கெடாதபடி அதன் பின்பக்கத்தில் நிறம் பூசுவார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கமராவின் கீழ் வைத்துப் படம் பிடிப்பார்கள். திரையில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் செக்கனுக்கு 12 படங்கள் வேண்டும். தொடரின் 22 நிமிட அத்தியாயம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 15,840. தொலைக்காட்சிக்காரர்கள் உடம்பை அசையாமல் வைத்து வாயையும் கையையும் மட்டும் அசைத்து இதைக் குறைத்துக்கொண்டார்கள். குறைத்தாலும் ஆயிரக்கணக்கில்தான் வரும்.

அந்த மேசைகளிலிருந்து 1977இல் ‘எ கொஸ்மிக் கிறிஸ்மஸ்’ வந்தது. அதைப் பார்த்த ஜோர்ஜ் லூகாஸ், 1978இன் ஸ்டார் வோர்ஸ் தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சியில் கார்ட்டூன் பகுதியை இவர்களிடம் ஒப்படைத்தார். போபா ஃபெட் என்ற பாத்திரம் முதலில் தொலைக்காட்சியில் தோன்றியது அந்தப் பகுதியில்தான். அந்தத் துணிச்சலில் ஸ்மித் இயக்கிய ‘ரொக் அண்ட் ரூல்’ 1983இல் வெளியானது. கதையும் சொந்தம், பாத்திரங்களும் சொந்தம், லூ ரீட், டெபி ஹாரி போன்றவர்களின் பாட்டு. படம் ஓடவில்லை. நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது.

அதைக் கரை சேர்த்தவை கரடிக்குட்டிகள். வாழ்த்தட்டையில் பிறந்து பொம்மையாக விற்ற கெயார் பெயர்ஸை வைத்து 1985இல் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 20 லட்சம் டொலருக்கு மேல் வசூலித்தது. அதன் வேலையில் ஒரு பகுதி தைவானிலும் தென்கொரியாவிலும் நடந்தது. பிறகு பாபார், லிட்டில் பெயர், ஃபிராங்க்ளின் என்று குழந்தைப் புத்தகங்களைத் தொடர்களாக்கினார்கள். ஃபிராங்க்ளின் ஆமையாவது கனடாக்காரன். போலெட் பூர்ஷுவா எழுத, பிரெண்டா கிளார்க் வரைந்தவன். 1990களில் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஆங்கிலம் பழகியது அவனோடுதான். 2000இல் கோரஸ் நிறுவனம் நெல்வானாவை 54 கோடி டொலருக்கு வாங்கியது.

இன்று விளக்கு மேசை அருங்காட்சியகப் பொருள். அதன் இடத்தில் பேனாவால் வரையும் திரை. இருபரிமாணத் தொடர்களுக்கு மொன்றியலில் உருவான டூன் பூம் ஹார்மனி மென்பொருள். பாத்திரத்தை மூட்டு மூட்டாக ஒருமுறை கோத்துவிட்டால் பொம்மலாட்டம் போலத் தொடர் முழுக்க அதையே ஆட்டலாம். மூட்டுக் கோப்பவர் ஒருவர், ஆட்டுபவர் இன்னொருவர், காட்சிகளைச் சேர்ப்பவர் வேறொருவர். வேலை சீசன் கணக்கில். சீசன் முடிந்தால் அடுத்த ஸ்ரூடியோவின் கதவைத் தட்ட வேண்டும். 2022இல் நெட்ஃபிளிக்ஸ் கார்ட்டூன் திட்டங்களை வெட்டியபோது இந்தத் தொழிலின் தரை எவ்வளவு மெல்லியது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கருவிகள் மாறிய அளவுக்குக் கணக்கு மாறவில்லை. உலகம் முழுக்கக் குழந்தைகள் கொண்டாடும் ‘போ பற்றோல்’ 2013இல் தொடங்கியது. உருவாக்கியவர் பிரித்தானியரான கீத் சப்மன். உரிமை ரொறன்ரோவின் ஸ்பின் மாஸ்டர் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்திடம். அசைவு கொடுத்தவர்கள் இதே நகரத்தின் குரு ஸ்ரூடியோ கலைஞர்கள். கரடிக்குட்டியின் இடத்தில் நாய்க்குட்டி வந்திருக்கிறது, அவ்வளவுதான். உயிர் கொடுத்த கை ஒன்று, சொந்தக்காரர் வேறொருவர். இது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அந்த வேலை எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறது. ஆனால் ஒரு கலைஞரின் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடக் கூடாது.

முடியத் தேவையில்லை என்று காட்டியவர் டொமி ஷி. சீனாவில் பிறந்து, இரண்டு வயதில் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவில் வளர்ந்தவர். ஓக்வில் ஷெரிடன் கல்லூரியில் படித்துப் பிக்ஸாருக்குப் போனார். தொலைக்காட்சியல்ல, திரைப்படம்; ஆனாலும் பாடம் ஒன்றுதான். அம்மாவின் கொழுக்கட்டையிலிருந்து ‘பாவ்’ குறும்படத்தை எடுத்து 2019இல் ஒஸ்கார் வாங்கினார். 2022இல் ‘டர்னிங் ரெட்’ படத்தில் 2002ஆம் ஆண்டு ரொறன்ரோவையே வரைந்துவைத்தார். அதில் பிரியா என்ற தோழிக்குக் குரல் கொடுத்தவர் மிசிசாகாவில் வளர்ந்த எங்கள் மைத்ரேயி ராமகிருஷ்ணன்.

குரலோடு நிற்க வேண்டாமே. தமிழ் எழுத்தாளர் சித்ரா சவுந்தரின் ‘நிகில் அண்ட் ஜே’ நூல்கள் வட அயர்லாந்து ஸ்ரூடியோ ஒன்றில் தொடராகி, பிபிசியின் குழந்தைகள் அலைவரிசைக்குப் போயிருக்கின்றன. ஸ்காபரோவிலிருந்து ஓக்வில் கல்லூரிக்கு ஒரு மணி நேரக் கார்ப் பயணம். கணினி அனிமேஷன் வேலைக்குக் கொடுக்கும் கூலியில் தகுதியான பகுதிக்கு 18 வீதத்தை ஒன்ராறியோ அரசு வரிச்சலுகையாகத் திருப்பித் தருகிறது. பயிற்சியும் தொழிலும் பணத்துக்கான வழியும் பக்கத்திலேயே இருக்கின்றன. கொப்பியின் ஓரத்தில் படம் கீறும் பிள்ளையைப் பார்த்து, “இது சோறு போடுமா?” என்று கேட்காதீர்கள். இந்த நகரத்தில் அது ஐம்பது வருடமாகச் சோறு போடுகிறது. அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்: “இது ஆர்? இதுக்கு என்ன பேர்? இதின்ர கதை என்ன?”